ஆறரைக்குப் பதில் ஐந்தரை

என் கணவர் கிளின்ரனுக்கு ஐஸில் சறுக்கத் தெரியாது. இதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன், பிறகு யாரும் என்னிடம் வந்து கேட்கக்கூடாது. இருபது வருடத்துக்கு மேலாக ஒஸ்லோவில் ஓர் ஐஸ் மண்டபத்தில் வேலை செய்கிறார். அதில் ஒரே ஒரு நாள் சறுக்குச் சப்பாத்து போட்டுப் பார்த்தார். வாசலுக்கும் கோல் கம்பத்துக்கும் இடையில் மூன்று தரம் விழுந்து, மணிக்கட்டு வீங்கி வீட்டுக்கு வந்து சேர்ந்தார். அப்படிப்பட்ட மனுசனிடம்தான் சுவீடன்காரன் கேட்பான், இந்தப் பிள்ளை சம்பளத்துக்கு ஐஸ் ஹொக்கி ஆடத் தேறுவானா, தேறமாட்டானா என்று.

இங்குள்ள எங்கள் தமிழ்ச் சனங்களுக்கு இது ஒரு பகிடி. கோயிலில் கண்டால், "என்ன ஐஸ் கிளின்ரன், இந்த முறை ஆரை வெட்டினனீ?" என்று கேட்பார்கள். அவரும் பல்லைக் காட்டிக்கொண்டு நிற்பார். நானும் பக்கத்தில் நின்று சிரித்தவள்தான். இப்போது அந்தப் பகிடியை யாராவது தொடங்கினால் நான் எழும்பிப் போய்விடுகிறேன்.

அவர் நோர்வேக்கு வந்தது 1998இல், பத்தொன்பது வயதில். கொண்டுபோய் விட்ட இடம் நாட்டின் வடக்குக் கோடியில், ஹம்மர்பெஸ்ட். மீன் தொழிற்சாலையில் வேலை, எட்டுப் பேருக்கு ஒரு வீடு, இரண்டு மாதம் சூரியனே கிடையாது. மற்ற ஏழு பேரும் வேலை முடிந்து வந்து சீட்டாடுவார்கள். இவருக்குச் சீட்டு வராது, தோற்றால் கோபம் வரும். ஆகவே தொலைக்காட்சிக்கு முன்னால் போய் இருந்தார். அதில் குளிர்காலம் முழுக்க ஐஸ் ஹொக்கி. நோர்வேஜிய மொழி ஒரு சொல்லும் விளங்காது. விளங்காத சத்தம் எதற்கு என்று சத்தத்தை நிறுத்திவிட்டு ஆட்களின் கால்களையே பார்த்துக்கொண்டிருந்தாராம். "பேசிறவன் சொல்லிறதைக் கேட்டிருந்தா நானும் மற்ற ஆக்கள் மாதிரி பந்துக்குப் பின்னாலை தான் கண்ணை ஓட்டியிருப்பன்" என்பார். பந்து இல்லை, பக் என்கிற கறுப்பு ரப்பர் வட்டு. இன்று வரை எங்கள் வீட்டில் அதற்குப் பெயர் பந்துதான்.

ஆறு வருடம் மீன் வெட்டிவிட்டு ஒஸ்லோவுக்கு வந்தார். அதே வருடம் நானும் ஊரிலிருந்து அவரைக் கட்டி வந்தேன். ஐஸ் மண்டபத்தில் முதலில் உடுப்பு மாற்றும் அறைகள் கழுவும் வேலை, பிறகு ஐஸ் மெசின் ஓட்டும் வேலை. ஆட்டத்தின் ஒரு பகுதி முடிந்து ஆட்டக்காரர்கள் உள்ளே போனதும் ஐஸ் முழுக்கக் கீறல் கிடக்கும். மெசின் அதை வழித்து, சுடுநீர் பூசி, வழுவழுவென்று ஆக்கிவிட்டுப் போகும். வழிப்பதற்கு முன் இவர் அந்தக் கீறல்களை வாசிக்கத் தொடங்கினார். யார் எங்கே நின்றான், எங்கே திரும்பினான், எங்கே கள்ளம் விட்டான் என்று எல்லாம் அதில் இருக்குமாம். அதிலும் நடுவில் ஆடுகிறவனை, சென்ரர் என்பார்கள், கீறலை வைத்தே பிடித்துவிடலாம் என்பார். முன்னுக்குப் போய் அடிக்க எல்லாரும் ஓடுவார்கள். பக் பறிபோனால் தன் பக்கத்துக் கோல் வரை திரும்பி ஓடிவர வேண்டியவன் சென்ரர். உண்மையாக ஓடிவந்து நின்றவனின் கீறல் குட்டையாகவும் ஆழமாகவும் இருக்கும். வருவது போலப் பாவனை காட்டியவனுடையது எங்கள் பகுதி ரொம்மன் தரிப்பிடத்தில் பஸ் திரும்புகிற மாதிரி ஒரு பெரிய வட்டமாக இருக்கும்.

இதை அவர் ஒரு நாள் பயிற்சியாளரிடம் சொன்னார். பயிற்சியாளர் சிரிக்கவில்லை, பக்கத்தில் இருத்திக் கேட்டார். அதன்பின் ஒரு முறை சுவீடனின் இரண்டாம் பிரிவிலிருந்து ஒரு கழகத்தார் ஒரு பையனைப் பார்க்க வந்தபோது, "நீங்கள் பார்க்க வந்தவன் இல்லை, பன்னிரண்டாம் இலக்கக்காரன்" என்று இவர் சொல்லியிருக்கிறார். அந்தப் பன்னிரண்டாம் இலக்கம் அவர்களிடம் ஐந்து வருடம் ஆடியது. அன்றிலிருந்து ஒஸ்லோவில் யாரையாவது பார்க்க வேண்டுமென்றால் அவர்கள் இவருக்குத்தான் தாள் அனுப்புவார்கள்.

அந்தத் தாளைப் பற்றிச் சொல்ல வேண்டும். சறுக்கல், கை, தடுப்பு, ஆட்டத்தை வாசித்தல் என்று தனித்தனிக் கட்டங்கள், எல்லாவற்றுக்கும் பத்துக்கு இத்தனை. கடைசியில் மொத்தமாக ஓர் எண். அது ஆறும் அதற்கு மேலும் என்றால் பையனை ஒரு வாரம் சுவீடனுக்குக் கூப்பிட்டுப் பார்ப்பார்கள். ஆறுக்குக் குறைந்தால் பெரும்பாலும் தாள் மேசை லாச்சிக்குள் போய்விடும். ஆறு வருடத்தில் இவர் ஆறைத் தாண்டிப் போட்டது நாலே நாலு பேருக்கு. கல்லு மனுசன் என்று பெயர் எடுத்திருந்தார்.

இனி யோகக்காவுக்கு வருகிறேன். யோகாம்பாள் என்பது முழுப்பெயர். முதியோர் பராமரிப்பு நிலையத்தில் நானும் அவரும் ஒரே மாடியில் வேலை. அவரது கணவர் இரவீந்திரன் அண்ணர் பஸ் ஓட்டுகிறார். ரொம்மனில் எங்களுக்கு இரண்டு கட்டடம் தள்ளி வீடு. ஒரே பிள்ளை நிதுசன். அவன் ஆறு வயதில் ஐஸில் இறங்கினான். மற்றப் பிள்ளைகளைக் கணக்கு ரியூசனுக்கும் மிருதங்கத்துக்கும் ஏற்றி இறக்கிய காலத்தில் இரவீந்திரன் அண்ணர் விடிகாலை ஐந்தரைக்குப் பிள்ளையை ஐஸ் மண்டபத்தில் இறக்கிவிட்டு அப்படியே பஸ் எடுக்கப் போவார். "இவைக்கென்ன விசரோ?" என்று கேட்காத ஆள் இல்லை. நானும் கேட்டேன், மறைப்பானேன். பதினெட்டு வயதில் அவனுக்கு அமெரிக்காவில் ஒரு கல்லூரியில் இடம் கிடைத்தது, ஹொக்கி ஆடுவதற்கென்றே. நாலு வருடம் அங்கே சென்ரராக ஆடினான். கேட்டவர்கள் எல்லாரும் அதன்பின் "எங்கட பெடியன்" என்று கதைக்கத் தொடங்கினார்கள்.

போன வருடம் கல்லூரி முடிந்து வந்தான். கையில் ஒப்பந்தம் ஒன்றும் இல்லை. ஓகஸ்டில் இவர் வேலை செய்யும் மண்டபத்திலேயே ஒஸ்லோக் கழகம் ஒன்றுடன் விருந்தாளியாகப் பயிற்சி எடுத்தான், பயிற்சி ஆட்டங்களிலும் இறங்கினான். யாராவது பார்க்க வேண்டும், யாராவது எடுக்க வேண்டும். இருபத்திரண்டு வயது. அந்த இலையுதிர்காலம் தவறினால் பிறகு யாரும் திரும்பிப் பார்க்கமாட்டார்கள். அப்போதுதான் சுவீடன் கழகத்தின் மின்னஞ்சல் இவருக்கு வந்தது. ஒரு சென்ரர் தேவை, நிதுசன் இரவீந்திரன் என்று ஒருவன் உங்கள் மண்டபத்தில் இருக்கிறானாம், பார்த்துச் சொல்லுங்கள் என்று.

"இந்தக் குடும்பத்தை எனக்குத் தெரியும், வேறு ஆளை அனுப்புங்கள்" என்று ஒரு வரி எழுதியிருக்கலாம். நான் அதைத்தான் சொன்னேன். இவர் கேட்கவில்லை.

"வேற ஆள் வந்தா ஒரு மட்ச் பாப்பான், தேவி. பெடியன் கோல் அடிக்கேல்லை எண்டு எழுதிப்போட்டுப் போவான். இவன் கோல் அடிக்கிற பெடியன் இல்லை. இருந்து பாக்க வேணும்."

இருந்து பார்த்தார். ஏழு ஆட்டம், பதினொரு பயிற்சி. ஐஸ் மெசினுக்கு மேல் இருந்தும் பார்த்தார், லீவு எடுத்தும் போய்ப் பார்த்தார். வீட்டுக்கு வந்தால் சோற்றைப் போட்டு வைத்துக்கொண்டு அவனைப் பற்றியே கதை. புறப்படுகிற முதல் மூன்று எட்டு மெதுவாம். அடி பலம் இல்லையாம். உயரமும் போதாதாம். "ஆனா தேவி, அவன் பாக்காமலே மற்றவன் எங்கை நிக்கிறான் எண்டு அறிவான். நடுவர் பந்தைப் போடேக்கை பத்துத் தரத்திலை ஆறு தரம் இவன்தான் எடுக்கிறான். ஒருத்தனும் கைதட்டாத இடத்திலை எல்லாம் இவன்ர கீறல் கிடக்கு." அவர் ஒரு பிள்ளையைப் பற்றி அப்படிக் கதைத்து நான் கேட்டதில்லை. பெரிய லீக்குக்கெல்லாம் போகமாட்டான், ஆனால் பத்து வருடம் சம்பளத்துக்கு ஆடக்கூடியவன் என்றார். பத்து வருடம் ஒருவன் தனக்கு விருப்பமான வேலையைச் செய்து சாப்பிடுவதென்றால் சின்ன விசயமா?

ஒரு ஞாயிற்றுக்கிழமை மத்தியானம் சாப்பாட்டு மேசையில் தாளை விரித்துக்கொண்டு இருந்தார். நான் வெங்காயம் உரித்துக்கொண்டிருந்தேன்.

"எத்தினை?" என்று கேட்டேன்.

"ஆறரை."

எனக்கு முதலில் சந்தோசமாகத்தான் இருந்தது. அடுத்த நிமிடமே பயம் பிடித்துக்கொண்டது. ஏனென்று விளங்க வேண்டுமென்றால் எங்கள் தமிழ்ப் பாடசாலையின் இல்ல விளையாட்டுப் போட்டியைப் பற்றித் தெரிந்திருக்க வேண்டும்.

ஊரில் பள்ளிக்கூடத்தில் நடப்பது போலவே இங்கும் வருடத்துக்கு ஒரு முறை பிள்ளைகளை இல்லங்களாகப் பிரித்து, கொடி பிடித்து, அணிநடை நடந்து, ஓட்டப்போட்டி நடத்துவார்கள். ஓடுவது பிள்ளைகள். சண்டை பிடிப்பது பெற்றோர். எங்கள் மகள் துஷ்யாவுக்குப் பத்து வயதாக இருந்தபோது நூறு மீற்றரில் முதலாவதாக வந்தாள். முடிவுக் கோட்டில் நடுவராக நின்றது இவர். அவ்வளவுதான். "தேப்பன் கோட்டிலை நிண்டா மகள் பின்னுக்கோ வருவாள்?" என்று மைதானத்திலேயே தொடங்கிவிட்டார்கள். ஒரு கிழமை டெலிபோன் ஓயவில்லை. ஒரு வீட்டார் பிறந்தநாளுக்குக்கூட எங்களைக் கூப்பிடவில்லை. அடுத்த வருடமும் இவரையே கோட்டில் விட்டார்கள். துஷ்யா அந்த முறையும் முதலாவது, ஒரு முழு எட்டு முன்னால். இவர் அவளுக்கு இரண்டாம் இடம் கொடுத்தார். பிள்ளை தகப்பனை ஒரு பார்வை பார்த்துவிட்டு வெள்ளிப் பதக்கத்தை வாங்கிக்கொண்டு காருக்குள் போய் ஏறிவிட்டது. சனமெல்லாம் கிளின்ரன் நேர்மையான மனுசன் என்றது. நானும் பெருமைப்பட்டேன். அந்தப் பெருமை நாசமாய்ப் போக.

ஆகவே வெங்காயத்தை வைத்துவிட்டு வாயைத் திறந்தேன். சும்மா இருந்திருக்கலாம்.

"யோசிச்சுப் போடுங்கோ. நானும் யோகக்காவும் ஒரே இடத்திலை வேலை. நாளைக்கு ஆரும் அறிஞ்சா, தங்கட ஆளைத் தூக்கி விட்டிட்டினம் எண்டு கதை வரும். சுவீடன்காரனுக்கும் கண் இருக்கு. உங்களையும் பெடியனையும் பக்கத்திலை பக்கத்திலை பார்த்தாலே தெரியாதோ, ரெண்டும் ஒரே ஆக்கள் எண்டு?"

இவர் பேனையை வைத்துவிட்டு நெற்றியைத் தேய்த்தார். "அப்ப ஆறு போடட்டோ?"

"ஆறு காணும் தானே?"

"காணும். ஆனா ஆறு எண்டா இன்னும் மோசம். சரியாக் கோட்டிலை கொண்டுவந்து வச்ச மாதிரி இருக்கும். பார்க்கிறவனுக்கு அதுதான் சந்தேகம் வரும்."

இப்போது நான் சொன்னதைக் கேளுங்கள். இதை நான் யாருக்கும் சொன்னதில்லை. "அப்ப ஐஞ்சரை போடுங்கோவன். முந்தியும் ரெண்டு பேருக்கு ஐஞ்சரை போடேக்கை அவை டெலிபோன் எடுத்துக் கேட்டவை தானே. இந்த முறையும் எடுப்பினம். அப்ப வாயாலை சொல்லுங்கோ, நல்ல பெடியன் எண்டு. அவை கேட்டு நீங்கள் சொன்னா ஒரு குறையும் இல்லை."

எவ்வளவு கெட்டித்தனம் பாருங்கள். இவருக்கும் அது சரியென்று பட்டது. மொத்த எண் பொருந்த வேண்டுமென்பதற்காகக் கட்டங்களிலும் குறைத்தார். ஆட்டத்தை வாசித்தல் என்ற கட்டத்தில் ஒன்பது இருந்தது. அதை ஏழாக்கும்போது அவருடைய கை கொஞ்ச நேரம் நின்றது. நான் கண்டேன். கண்டும் அடுப்பைப் பார்க்கப் போய்விட்டேன்.

டெலிபோன் வரவில்லை. ஒரு கிழமை ஐஸ் மெசின் ஓட்டும்போதும் அதைச் சட்டைப் பைக்குள் வைத்துக்கொண்டே ஓட்டினார். பத்தாம் நாள் ஒரு மின்னஞ்சல் வந்தது. உங்கள் தெளிவான அறிக்கைக்கு நன்றி, பின்லாந்துப் பையன் ஒருவனை எடுத்துவிட்டோம் என்று. அந்தப் பத்து நாளில் ஒரு நாள் இவராகவே எடுத்துப் பேசியிருக்கலாம். நானே சொன்னேன், எடுங்கோ என்று.

"நானா எடுத்தா பக்கம் பிடிக்கிற மாதிரி இருக்கும்" என்றார்.

எனக்குக் கையில் இருந்த கோப்பையைச் சுவரில் எறிய வேண்டும்போல இருந்தது. எறிந்தால் அவரைப் பார்த்தா எறிவது, என்னைப் பார்த்தா?

துஷ்யா ட்ரொண்ஹைமில் படிக்கிறாள். அந்தக் கிழமை டெலிபோனில் அவளிடம் சொல்லிவிட்டேன், நெஞ்சு பொறுக்காமல். "அம்மா, எனக்குப் போனது ஒரு மெடல் தானே," என்றாள். "அவனுக்கு வேற என்ன இருக்கு?" அதற்குமேல் அதைப் பற்றிக் கதைக்க விருப்பமில்லை என்று வைத்துவிட்டாள்.

சுவீடன் கழகம் அறிக்கையை நிதுசனின் முகவருக்கு அனுப்ப, அது அவனுடைய கைக்கும் போயிருந்தது. அடியில் இவரது பெயர். அது காதில் விழுந்த அடுத்த நாள் வேலைக்குப் போக எனக்குக் கால் வரவில்லை. யோகக்கா உடுப்பு மாற்றும் அறையில் என்னைக் கண்டதும் வந்து கையைப் பிடித்தார். திட்டியிருந்தால் தாங்கியிருப்பேன்.

"தேவி, கிளின்ரன் தம்பிதான் பார்த்தவர் எண்டு எங்களுக்குத் தெரியாது. பிள்ளைதான் பேரைக் கண்டிட்டுச் சொன்னவன். நீர் ஒண்டும் யோசியாதையும். அவர் உண்மையைத் தானே எழுதினவர்."

நான் ஓம் அக்கா என்றேன். வேறு என்ன சொல்ல? அன்று முழுக்கக் கிழவிமாரைக் குளிப்பாட்டும்போதெல்லாம் கண் நிறைந்து நிறைந்து வந்தது. சவர்க்காரம் பட்டுவிட்டது என்று சொல்லிச் சமாளித்தேன்.

ஒக்ரோபரில் ஒரு நல்ல செய்தி வந்தது. வடக்கே ஒரு சிறிய நகரத்துக் கழகம் நிதுசனை ஒரு வருடத்துக்குக் கேட்கிறது என்று யோகக்கா சொன்னார். நோர்வேயின் முதல் பிரிவில் ஆடும் கழகம். ஓடிவந்து இவரிடம் சொன்னேன். அன்று மனுசன் இரண்டாம் முறையும் சோறு போட்டுச் சாப்பிட்டார்.

"போகட்டும். ஒரு குளிர்காலம் ஆடினாக் காணும். ஆரும் வந்து பாப்பாங்கள். நான் வேண்டாம், தேவி, கண் உள்ள ஆர் வந்தாலும் ஆறரை போடுவாங்கள்."

நாங்கள் இரண்டு பேரும் தப்பிவிட்டோம் என்று நினைத்தோம். அடுத்த இரண்டு கிழமையும் அவர் மெசினில் இருந்து சீட்டியடித்ததாக அவரோடு வேலை செய்கிறவர் சொன்னார்.

நவம்பரில் ஒரு சனிக்கிழமை பகல் நிதுசன் எங்கள் வீட்டுக்கு வந்தான். தாய் கொடுத்துவிட்ட மோதகம் ஒரு டப்பா கொண்டுவந்தான். தலைமயிரைக் கட்டையாக வெட்டியிருந்தான், முகம் தெளிவாக இருந்தது. இவர் எழும்பிப்போய் அவனுக்குக் கதிரை இழுத்துப் போட்டார்.

"எப்ப தம்பி வடக்குக்குப் பயணம்?"

"நான் போகேல்லை, மாமா. வேண்டாம் எண்டு சொல்லிட்டன். ரெண்டு கிழமை ஆச்சு. அவங்கள் ஒரு கனடாக்காரனை எடுத்திட்டாங்கள்."

இவர் கதிரையைப் பிடித்தபடியே நின்றார். "ஏன்?"

"உங்களுக்கு தாங்க்ஸ் சொல்லத்தான் வந்தனான்," என்றான் நிதுசன். பகிடியாகச் சொல்லவில்லை. "சின்னனிலை இருந்து எல்லாரும் எனக்கு ஒரே கதை, மாமா. கோச்சும் ஏஜெண்டும் காலேஜும், நீ வருவாய், நீ வருவாய் எண்டு. உங்கட தாளை வாசிச்ச உடனை எனக்குக் கோவம்தான் வந்தது. பிறகு இருந்து யோசிச்சன். நீங்கள் என்னைக் குழந்தையிலை இருந்து தெரிஞ்ச ஆள். எங்கட ஆள். எங்கட ஆள் எங்கட பெடியனுக்குப் போடேக்கை கொஞ்சம் கூட்டித் தானே போடுவார்? கூட்டிப் போட்டே ஐஞ்சரை எண்டா, உண்மையிலை ஐஞ்சு. இல்லாட்டி நாலரை. அப்ப நான் வடக்கிலை போய் ஒரு வருசம் இருந்து என்ன செய்ய? அப்பா இன்னும் எத்தினை வருசத்துக்கு எனக்காக ஓடுறது?"

இவர் மெல்லக் கதிரையில் இருந்தார். அவர் இருந்தது அவனுக்கென்று இழுத்துப் போட்ட கதிரை. அவன் நின்றுகொண்டிருந்தான்.

"தம்பி, நான் குறைச்சுப் போட்டனான்," என்றார்.

"என்ன, மாமா?"

"ஆறரை. உனக்கு வந்தது ஆறரை. கதை வரும் எண்டு பயந்து ஐஞ்சரை போட்டனான். நீ ஆடுவாய். பத்து வருசம் ஆடுவாய், நிதுசன். நான் அந்தச் சுவீடன்காரனுக்கு இப்பவே எடுத்துச் சொல்லிறன்."

நிதுசன் அவரைப் பார்த்தான். பிறகு அவனுடைய முகம் இளகியது. முதியோர் நிலையத்தில் வீட்டுக்குப் போக வேண்டும் என்று கேட்கும் கிழவர்களை நாங்கள் பார்ப்போமே, அந்த மாதிரி ஒரு இரக்கம். குனிந்து அவருடைய தோளில் கை வைத்தான்.

"பரவாயில்லை, மாமா. ஆறுதலுக்குச் சொல்லாதேங்கோ."

"தம்பி, உண்மை," என்றேன் நான். "நான் பக்கத்திலை இருந்தனான். நான்தான் குறைக்கச் சொன்னனான். என்னிலை பிழை."

"அன்ரி, நீங்கள் ரெண்டு பேரும் நல்ல ஆக்கள்," என்றான் அவன். "அதுதான் எனக்கு இப்பிடிச் சொல்லுறியள். நான் ஓகே. உண்மையா நான் ஓகே."

நான் சுவாமிப் படத்துக்கு முன்னால் போய் நின்று சத்தியம் பண்ணினேன். அவன் ஓடிவந்து என்னைப் பிடித்து, "ஐயோ அன்ரி, அழாதேங்கோ" என்று சொன்னான். எங்கள் ஆட்கள் அவ்வளவு பாசமாம். அவன் நம்பவில்லை. இனி எந்தக் காலத்திலும் நம்பமாட்டான். எங்கள் ஆள் என்பதற்காக அவனைக் குறைத்தோம். எங்கள் ஆள் என்பதற்காகவே அவன் நாங்கள் சொன்ன உண்மையைத் தள்ளிவிட்டான். இதற்கு நான் யாரிடம் போய் முறையிடுவது?

போகிறபோது வாசலில் சப்பாத்துப் போட்டுக்கொண்டே ஒரு உதவி கேட்டான். திராமன் நகரத்துக்குப் போகும் வழியில் ஒரு பெரிய லாகரில், பொதி அடுக்கி அனுப்பும் களஞ்சியத்தில், வேலைக்கு எழுதிப் போட்டிருக்கிறானாம். ஒரு ஆளின் பெயர் கேட்கிறார்களாம், தன்னைப் பற்றிச் சொல்ல.

"உங்கட பேரைக் குடுக்கட்டோ, மாமா? நீங்கள் சொன்னா நம்புவினம்."

குடு என்று தலையாட்டினார்.

செவ்வாய்க்கிழமை பின்னேரம் டெலிபோன் வந்தது. இவருக்கு இப்போது ஒரு காது மந்தம், எப்போதும் சத்தமாக வைத்துத்தான் கதைப்பார், ஆகவே எனக்கும் கேட்டது. லாகரிலிருந்து ஜூலியா என்று ஒரு பெண். நிதுசன் எப்படிப்பட்ட ஆள் என்று நோர்வேஜிய மொழியில் கேட்டாள்.

இவர் எழும்பி நின்றார். பிறகு தொடங்கினார். அவன் பார்க்காமலே மற்றவன் எங்கே நிற்கிறான் என்று அறிவான் என்றார். எல்லாரும் முன்னுக்கு ஓடும்போது பின்னுக்கு வருகிறவன் அவன் என்றார். யாரும் காணாத இடத்திலும் வேலை செய்கிறவன், தான் அடிக்காமல் மற்றவனை அடிக்க வைக்கிறவன், இருபது வருடத்தில் நான் பார்த்த நடு ஆட்டக்காரர்களில் ஆட்டத்தை அவனைப் போல வாசித்தவன் இல்லை, பத்துக்கு ஒன்பது, ஒன்பது, எழுதிக்கொள்ளுங்கள் என்றார். மூக்கால் தண்ணீர் ஓடியது, துடைக்கவும் இல்லை. சுவீடன்காரனுக்குச் சொல்ல வேண்டிய அத்தனையையும், ஒரு சொல் விடாமல், அந்தப் பெண்ணுக்குச் சொன்னார்.

அந்தப் பக்கம் விசைப்பலகை தட்டும் சத்தம் கேட்டது.

"மிகவும் நல்லது," என்றாள் ஜூலியா. "நேரத்துக்கு வருவானா?"

"வருவான்."

"ஃபோர்க்லிஃப்ட் ஓட்டப் பத்திரம் இருக்கிறதா?"

"இல்லை," என்றார் இவர்.

பரவாயில்லை, அதை நாங்களே பழக்கிவிடுவோம் என்று சொல்லி அவள் நன்றி கூறி வைத்துவிட்டாள். நிதுசன் திங்கட்கிழமை வேலைக்குப் போனான்.